பனி உருகும் மாதங்களில் ட்ரவுட்: கொலராடோவில் எந்தத் தண்ணீருக்குப் போவது?

மே கடைசியில் டென்வரில் இரண்டு நாள் ஓய்வு கிடைக்கிறது. தூண்டிலை எடுத்துக்கொண்டு மலையேற ஆசை. ஆனால் ராக்கி மலையிலிருந்து இறங்கும் ஆறுகளில் பெரும்பாலானவை அப்போது நுங்கும் நுரையுமாக, பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும். எங்கே போவது? அணைக்குக் கீழே உள்ள ஆறா, வெள்ள ஆற்றின் கரையோரமா, ஏரியா? இல்லை, விடுமுறையையே மூன்று வாரம் தள்ளிவைத்துவிடலாமா?

நம் ஊரில் புதுவெள்ளம் வந்தால் மீன் ஏறும் என்று வலையோடு ஓடுவோம். இந்த வெள்ளத்தில் அந்தக் கணக்கு உதவாது. இரை தேடும் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன் வெள்ளத்தை எதிர்த்து நிற்காது, ஒதுங்கிவிடும். அது எங்கே ஒதுங்குகிறது, ஒதுங்கிய இடத்தில் வாயைத் திறக்குமா என்ற இரண்டையும் வைத்துத்தான் மேலே சொன்னவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நாட்காட்டியைப் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதைவிட, அது ஏறிக்கொண்டிருக்கிறதா இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பதே முக்கியம். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையும் கொலராடோ மாநில நீர்வளத் துறையும் ஆறுகளில் அளவிகளை நிறுவி, ஓட்டத்தை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. மேட்டூர் அணைச் செய்தியில் கேட்டுப் பழகிய அதே அலகுதான்: விநாடிக்கு இத்தனை கன அடி.

விநாடிக்கு 1,500 கன அடி என்று வைத்துக்கொள்வோம். மே மூன்றாம் வாரத்தில் ஆறு ஏறும்போது இந்த அளவைத் தொட்டால் தண்ணீர் குழம்பாக இருக்கும். ஜூன் கடைசியில் இறங்கும்போது அதே 1,500இல் பச்சைக் கண்ணாடி போல இருக்கும். குளிர்காலம் முழுக்கக் கரையோரத்திலும் கிளை வாய்க்கால்களிலும் தங்கிய வண்டல், மக்கிய இலை, சரிந்த மண் எல்லாவற்றையும் ஏறும் நீர்தான் முதலில் நனைத்து இழுத்துவருகிறது. உச்சம் தாண்டும்போது, அள்ளிப்போக வேண்டியதெல்லாம் போய்விட்டிருக்கும். வெப்பமும் அப்படியே. ஏறும் நீர் பெரும்பாலும் 4 முதல் 7 டிகிரி செல்சியஸில் வரும். அந்தக் குளிரில் ட்ரவுட்டின் உடல் மந்தமாகி, பசியும் குறைந்துவிடும். இறங்கும் நீர் மெல்ல 10 டிகிரியைத் தாண்டும். அது நன்றாக இரை எடுப்பது ஏறக்குறைய 10க்கும் 16க்கும் இடையில்.

ஒரே நாளுக்குள்ளும் ஏற்ற இறக்கம் உண்டு. நண்பகல் வெயிலில் உருகிய பனி உடனே ஆற்றுக்கு வந்து சேர்வதில்லை. மலைமுகட்டை ஒட்டிய ஓடைகளில் அன்றாட உச்சம் மாலையிலோ முன்னிரவிலோ வரும். அங்கே காலை நீர்தான் தாழ்ந்தும் தெளிந்தும் இருக்கும். அதே உச்சம் பல மைல் கீழே உள்ள ஊரை எட்டும்போது விடிந்துவிடலாம். “பனி உருகும்போது காலையில் போ” என்ற அறிவுரை மேட்டில் சரி, கீழே அதுவே தவறாகிவிடும். உங்கள் இடத்துக்கு அருகில் உள்ள அளவியின் கடைசி மூன்று நாள் வரைபடத்தைத் திறந்தால் அலை எந்த மணிக்கு வருகிறது என்று தெரிந்துவிடும். அலை தாழும் நான்கைந்து மணி நேரமே உங்கள் நேரம்.

கொலராடோ மலைகளில் பனி பொதுவாக ஏப்ரல் நடுவை ஒட்டி உச்ச அளவில் கிடக்கும். அதன் பிறகு பகல் வெயிலைவிட இரவு வெப்பத்தைக் கவனியுங்கள். இரவில் மறுபடி உறையும் வரை உருகல் அடங்கியே இருக்கும். 3,000 மீட்டருக்கு மேலே இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து உறையாமல் போனால் ஆறு எழுந்துவிடும். மேற்கே உள்ள பாலைநிலத்திலிருந்து காற்று கொண்டுவரும் செம்புழுதி பனிமேல் படிந்த ஆண்டுகளில் உருகல் இன்னும் முந்தும்; அழுக்கான பனி வெயிலைத் திருப்பியனுப்பாமல் உறிஞ்சிக்கொள்கிறது. ஸ்னோடெல் என்ற தானியங்கி நிலையங்கள் மலைமேல் கிடக்கும் பனியின் நீரளவையும் வெப்பத்தையும் நாள்தோறும் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு ஆறு எப்போது எழும் என்பது இரண்டு நாள் முன்னதாகவே தெரியும்.

அணைக்குக் கீழே

மே 20 முதல் ஜூன் 15 வரையான நாட்களில் விடுமுறை சிக்கிக்கொண்டால் முதல் தேர்வு இதுதான். அணை வண்டலைத் தன் வயிற்றில் தங்கவைத்துவிட்டு, அடியிலிருந்து தெளிந்த நீரை விடுகிறது. டென்வரிலிருந்து எளிதில் போகக்கூடியது சவுத் பிளாட் ஆறு: 1905இல் கட்டி முடித்த சீஸ்மன் அணைக்குக் கீழே உள்ள பள்ளத்தாக்கும், அதற்கும் கீழே டெக்கர்ஸ் பகுதியும். மேற்கே பசால்ட் ஊரில் ரோரிங் ஃபோர்க் ஆற்றோடு சேரும் ஃப்ரையிங்பான் ஆறு, ரூடி நீர்த்தேக்கத்துக்குக் கீழே சுமார் 14 மைல் ஓடுகிறது. டில்லன் தேக்கத்துக்குக் கீழே சில்வர்த்தார்ன் ஊருக்குள் ஓடும் புளூ ஆறும் கன்னிசன் பக்கத்து டெய்லர் ஆறும் இந்த வகையே. ரூடி, டில்லன், டெய்லர் மூன்று தேக்கங்களிலும் மைசிஸ் என்ற கண்ணாடி போன்ற சிற்றிறால் உண்டு. அது மதகு வழியாக ஆற்றில் கொட்டுவதால் அணையடி மீன்கள் கொழுத்துப் பெருக்கின்றன.

ஆனால் “அணைக்குக் கீழே வெள்ளம் இல்லை” என்று நம்பிப் போவதில் ஒரு பொறி இருக்கிறது. அணை வெள்ளத்தைத் தள்ளிப்போடுகிறதே தவிர ஒழிப்பதில்லை. மலையில் பனி அதிகம் கிடந்தால் இடம் ஒதுக்க ஏப்ரல், மே மாதங்களிலேயே கூடுதலாகத் திறந்துவிடுவார்கள். பிறகு உருகல் உச்சத்தில் மதகைச் சுருக்கி நீரைத் தேக்குவார்கள். பக்கத்து ஆறுகள் கரைபுரளும்போது இங்கே நீர் தாழ்ந்திருக்கும் அந்தச் சில வாரங்கள்தான் பொற்காலம். தேக்கம் நிறைந்ததும் வருவதையெல்லாம் விட்டாக வேண்டும். ரூடியை ஜூலைத் தொடக்கத்தை ஒட்டி நிறைப்பதே வழக்கமான இலக்கு. ஆகவே பனி மிகுந்த ஆண்டில், மற்ற ஆறுகள் தெளிந்து இறங்கும் ஜூன் கடைசியில் அணையடி ஆறு ஏறிக்கொண்டிருக்கலாம். ஃப்ரையிங்பானில் 250 கன அடியைத் தாண்டினால் குறுக்கே கடப்பது கடினம். தேக்கத்தின் நிறைவு விழுக்காட்டைப் பார்க்காமல் வண்டி எடுக்காதீர்கள்.

சீஸ்மன் நிறைந்தால் நீர் மேல்வழியாக வழியும். அடிமதகு நீரைவிட மேற்பரப்பு நீர் வெதுவெதுப்பானது. வழியத் தொடங்கிய ஓரிரு நாளில் கீழே வெப்பம் உயர்ந்து, பூச்சிகள் எழும் நேரமே மாறிவிடும். அப்போது ஓட்டம் கூடினாலும் மீன் சுறுசுறுப்பாகும். ஓட்டத்தின் எண்ணை மட்டும் பார்த்துப் பயந்து திரும்பியவர்கள் நல்ல நாட்களை இழந்திருக்கிறார்கள்.

அணைக்கும் நீங்கள் நிற்கும் இடத்துக்கும் நடுவில் எந்த ஓடை சேர்கிறது என்பதும் முக்கியம். டெக்கர்ஸில் ஹார்ஸ் ஓடை சேர்கிறது. அது கலங்கினால் அதற்குக் கீழே ஆறும் கலங்கும், மேலே பள்ளத்தாக்கில் தெளிவாகவே இருக்கும். 2002இன் ஹேமன் காட்டுத்தீ எரித்த சரிவுகளிலிருந்து பெருமழைக்குப் பிறகு சரளையும் சாம்பலும் ஆற்றில் பல ஆண்டுகள் இறங்கின. ஃப்ரையிங்பானில் செவன் காசில்ஸ் பகுதியில் இடிமழை பெய்தால் செம்மண் குழம்பு இறங்கும். அப்போது அதற்கு மேலே அணைப்பக்கம் போய்விட்டால் போதும்.

இந்தத் தெளிந்த நீரில் தூண்டில் நுணுக்கமாக இருக்க வேண்டும். 5எக்ஸ் அல்லது 6எக்ஸ் நரம்பு (எக்ஸ் எண் கூடக்கூட நரம்பு மெலியும்), 20 முதல் 24 வரையான எண்ணுள்ள சிறு மிட்ஜ் ஃப்ளைகள், அதாவது கொசு போன்ற சிறு பூச்சி வடிவில் முள்ளில் கட்டிய செயற்கை இரைகள் (எண் கூடக்கூட முள் சிறுக்கும்), அணையை ஒட்டி 16 அல்லது 18ஆம் எண் மைசிஸ் ஃப்ளை. ஈயம் ஒரு சிறு குண்டு போதும். மீன் கிடைக்காவிட்டால் ஃப்ளையை மாற்றும் முன் ஆழத்தை மாற்றுங்கள். தக்கையை ஒரு சாண் உயர்த்துங்கள், இல்லையேல் இன்னும் ஒரு குண்டு சேருங்கள். அடியிலிருந்து வரும் நீர் குளிர்ந்தது என்பதால் விடியலில் அடித்துப் பிடித்துப் போக வேண்டியதில்லை; பத்து மணிக்கு மேல்தான் இரை நகரும்.

இந்தத் தேர்வின் உண்மையான குறை கூட்டம். மாநிலத்தில் தெளிந்த நீர் சுருங்கும் வாரங்களில் எல்லாத் தூண்டிலும் இந்தச் சில மைல்களில்தான் விழும். வார நாள் கிடைத்தால் வார நாளில் போங்கள். இன்னொன்று, வானவில் ட்ரவுட் வசந்தத்தில் முட்டையிடும். சரளைப் படுகையில் சுற்றியுள்ள கற்கள் பாசி படிந்திருக்க, ஒரு இடம் மட்டும் துடைத்த மாதிரி வெளுத்துக் கிடந்தால் அது முட்டைக் குழி. அதில் காலை வைத்தால் முட்டைகள் நசுங்கும். அதன்மேல் நிற்கும் மீனுக்குத் தூண்டில் போடுவதும் முறையல்ல.

வெள்ள ஆற்றின் கரையோரம்

அணையில்லாத ஆற்றை உச்சத்தில் அணுகுவது பலர் நினைப்பதுபோல் வீண்வேலை அல்ல. ஆனால் ஒரு நிபந்தனை: கரையோரத் தண்ணீரில் ஒரு குச்சியை இறக்கி, அதன் நுனி எத்தனை அடி ஆழம் வரை தெரிகிறது என்று பாருங்கள். ஓர் அடிக்குக் குறைவாகத் தெரிந்தால் வண்டியைத் திருப்புங்கள். ஒன்றரை அடி தெரிந்தால் மீன் கிடைக்கும். இரண்டு அடி தெரிந்தால், அணைக்குக் கீழே கூட்டத்தில் நிற்பதைவிட இதுவே மேல்.

கலங்கல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் தெளிந்த துண்டையும் கண்டுபிடிக்கலாம். ஆஸ்பெனுக்கு மேலே கருங்கல் மலையிலிருந்து வரும் ரோரிங் ஃபோர்க் வெள்ளத்திலும் பெரிதாகக் குழம்பாது. கார்பண்டேலில் கிரிஸ்டல் ஆறு சேர்ந்த பிறகுதான் அது சேறாகும். பசால்ட்டுக்கும் கார்பண்டேலுக்கும் இடையிலோ, ஃப்ரையிங்பானின் தெளிநீர் கலக்கும் முனையிலோ நின்றால், கீழே கிளென்வுட்டில் முடியாதது இங்கே முடியும்.

நடு ஆற்றில் மீனைத் தேடாதீர்கள். வேகம் தாங்காமல் எல்லாம் கரையை ஒட்டி, சில நேரம் இரண்டே அடி அகல இடத்தில் அடைந்திருக்கும்: நீரில் மூழ்கிய வில்லோப் புதரின் பின்னால், கரைப்பாறைக்குப் பின்னால் எதிர்ச்சுற்று நீரில், வளைவின் உட்பக்க மந்த ஓட்டத்தில். வழக்கமாக நீங்கள் நின்று வீசும் இடத்தில்தான் இப்போது மீன் நிற்கிறது. ஆகவே தண்ணீரில் இறங்கும் முன் கரையிலிருந்தே முதல் வீச்சு. கண் தெளிவாகத் தெரியாத மீனுக்குப் பெரிய இரை வேண்டும்: 4 முதல் 8 வரையான எண்ணில் ஸ்டோன்ஃப்ளை என்ற ஆற்றுப் பூச்சியைப் போல ரப்பர் கால்கள் வைத்த ஃப்ளை, அதன் பின்னால் ஒன்றரை அடியில் சிவப்புப் புழு வடிவம். கரைமண் இடிந்து விழும்போது மண்புழுவும் விழுவதால் அதற்குப் புழு இப்போது புதிதல்ல. வூலி பக்கர் என்ற கறுப்பு ஃப்ளையைக் கரைக்கு இணையாக மெதுவாக இழுப்பதும் பலன் தரும். கலங்கிய நீரில் கறுப்புதான் நிழலுருவாக நன்றாகத் தெரியும். நரம்பு 3எக்ஸ் அல்லது இன்னும் தடிமன். மீன் நடு ஆற்றுக்குப் போய்விட்டால் மெல்லிய நரம்பால் திருப்ப முடியாது. ஈயம் தாராளமாக, ஐந்தாறு வீச்சுக்கு ஒரு முறையாவது அடியில் தட்ட வேண்டும். தட்டவே இல்லையென்றால் நீங்கள் மீனின் தலைக்கு மேலே வீசிக்கொண்டிருக்கிறீர்கள்.

முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். ஆறுகளை அளப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: ஆழத்தை அடியிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கினால் 10 வந்துவிட்டால் இறங்கக்கூடாது. ஒரு குச்சியைப் போடுங்கள். 10 அடியை 3 விநாடியில் கடந்தால் வேகம் சுமார் 3.3. மூன்று அடி ஆழத்தில் அதுவே 10. இது கால் பதித்து நிற்கப் பழகியவர்களுக்கான உச்சவரம்பு. நமக்குப் பாதியிலேயே நின்றுவிடுவது நல்லது. 5 டிகிரி நீரில் விழுந்தால் கைகால் சில நிமிடங்களில் சொன்னபடி கேட்காது. நீர்புகாக் கால்சட்டைக்கு மேலே இடுப்புப் பட்டையை இறுக்குங்கள். ஊன்றுகோல் கையில் இருக்கட்டும். விழுந்தால் மல்லாந்து, கால்களை நீர் ஓடும் திசையில் நீட்டி மிதந்து கரை ஒதுங்குங்கள். குறுக்கே சாய்ந்து கிடக்கும் மரம்தான் பெரிய எமன்: தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போகும், ஆள் அதில் மாட்டிக்கொள்வார்.

சட்டத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. மான்டானாவில் சாதாரண வெள்ளக் குறிக்குள் ஆற்றில் யாரும் நடக்கலாம். கொலராடோவில் இருகரையும் தனியாருடையது என்றால் ஆற்றுப்படுகையும் அவர்களுடையதுதான். தண்ணீரில் கால் ஊன்றினாலே அத்துமீறல். வெள்ளத்தில் கரைப்பாதை மூழ்கி, வேலியைத் தாண்டிச் சுற்றிப்போகத் தோன்றும் நாட்களில் இது நினைவில் இருக்க வேண்டும். 16 வயது முதல் மீன்பிடி உரிமம் வேண்டும். அது ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 1இல் தொடங்குகிறது.

ஏரிகள்

குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், வேகநீரைக் கண்டு தயங்குகிறவர்களுக்கும் இதுவே சரி. சவுத் பார்க் மேட்டுநிலத்தில் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் ஸ்பின்னி மவுன்டன், சற்று மேலே அன்டேரோ. பனிக்கட்டி உடைந்த முதல் வாரங்களில் பெரிய மீன்கள் ஆழம் குறைந்த கரைக்கு வரும். ஜூன் நடுவிலிருந்து தட்டாம்பூச்சிக் குஞ்சுகள் நாணல் பக்கம் நீந்தத் தொடங்கும்; அவற்றைப் போன்ற பச்சை ஃப்ளை போதும். ஸ்பின்னியில் உயிர் இரைக்கு அனுமதி இல்லை. முக்கால்வாசி நாட்களில் முற்பகலுக்குள் காற்று எழுந்துவிடும். மிதவையில் போகிறவர்கள் அதற்குள் கரை திரும்ப வேண்டும். 3,300 மீட்டருக்கு மேலே உள்ள மலையேரிகளை ஜூன் கடைசி வரை மறந்துவிடுங்கள். பெரும்பாலும் பனிக்கட்டி மூடியிருக்கும்.

ஏப்ரலிலேயே போகலாமா?

போகலாம். ஆர்க்கன்சா ஆற்றில் ஏப்ரலில் சில நூறு கன அடிதான் ஓடும். ஜூனில் இதே ஆறு சாதாரண ஆண்டிலேயே 2,000ஐத் தாண்டும். நீர் 12 டிகிரியைத் தொட்டதும் கேடிஸ் பூச்சிகள் கானியன் சிட்டிப் பக்கம் எழத் தொடங்கி, நாள்தோறும் மேலே சாலிடாவை நோக்கி நகரும். அமெரிக்க அன்னையர் தினத்தை ஒட்டி வருவதால் அந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள். மாலையில் முட்டையிட வரும் பூச்சிக்கு ஆறு முழுக்கப் பிரௌன் ட்ரவுட் வாயைத் திறக்கும். 14 அல்லது 16ஆம் எண் எல்க் ஹேர் கேடிஸ் என்ற ஃப்ளை, 4எக்ஸ் நரம்பு போதும்.

இதன் ஆபத்து ஒன்றே: பூச்சியும் பனியும் ஒரே வெப்பத்துக்காகக் காத்திருக்கின்றன. பூச்சியை எழுப்பும் அதே நான்கு நாள் வெயில் ஆற்றையும் எழுப்பும். ஒரு மாதம் முன்னமே தேதியைக் குறித்துத் தங்குமிடம் எடுத்தால் பாதி வாய்ப்புதான். இரண்டு நாள் முன்னறிவிப்பில் கிளம்ப முடிந்தவருக்கு மட்டுமே இந்தத் தேர்வு. உள்ளூர்க்காரருக்கு ஏற்றது, வெளியூரிலிருந்து விமானத்தில் வருபவருக்கு அல்ல.

தள்ளிப்போட முடிந்தால்

விடுமுறைத் தேதி உங்கள் கையில் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம்: உச்சம் கடந்த பத்தாம் நாளிலிருந்து இருபத்தைந்தாம் நாள் வரை. ஆறு நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருக்கும், தெளிவு இரண்டு அடியைத் தாண்டும். மீன் இன்னும் கரையிலேயே இருக்கும், ஆனால் இப்போது பசியோடு. வெள்ளத்தில் வாரக்கணக்கில் அரைப்பட்டினி கிடந்தது அது. 10 டிகிரி நீர் பசியைக் கிளப்பிவிடும். ஸ்டோன்ஃப்ளைகள் கரையேறி இறக்கை விரிப்பதும் பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான். கன்னிசன் ஆற்றின் பிளாக் கேன்யன் பள்ளத்தாக்கில் பெரிய சால்மன்ஃப்ளைகள் ஜூன் முற்பாதியில் வரும். கீழ் ரோரிங் ஃபோர்க்கில் ஜூன் கடைசி, ஜூலைத் தொடக்கத்தில் கிரீன் டிரேக் பூச்சிகள் இருட்டும் நேரத்தில் எழும். வெயிலில் ஒன்றும் நடக்காமல் இருந்து, கடைசி நாற்பது நிமிடத்தில் ஆறே கொதிப்பது போலிருக்கும். 10 அல்லது 12ஆம் எண் ஃப்ளையை வெளிச்சம் இருக்கும்போதே கட்டிவைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஊசிக்கண்ணில் நரம்பு கோக்க முடியாது. முள் நுனிக்குப் பின்னால் திரும்பி நிற்கும் சிறு பல்லை இடுக்கியால் நசுக்கிவிட்டால், இருட்டில் மீனைத் தண்ணீருக்குள்ளேயே விடுவிக்கலாம்.

உச்சம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? வரைபடத்தில் ஒரு நாள் இறங்கியதை நம்பாதீர்கள். குளிர்ந்த இரண்டு நாட்கள் ஆற்றைத் தற்காலிகமாக இறக்கிவிட்டு, அடுத்த வெயில் முன்பைவிட உயரமாக ஏற்றும். அளவிக்கு மேலே உள்ள ஸ்னோடெல் நிலையங்களில் பனிநீர் கால்வாசிக்குக் கீழே வந்து, ஆறும் ஐந்து நாள் தொடர்ந்து இறங்கியிருந்தால் உச்சம் முடிந்துவிட்டது. பனி குறைந்த ஆண்டுகளில் இந்த இறங்குபருவம் சுருங்கி, ஜூலை நடுவிலேயே பிற்பகல் நீர் 20 டிகிரியைத் தொடும். அப்போது பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விடும் மீனும் பிழைக்கும் வாய்ப்பு குறையும். வெப்பமானி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். 19ஐக் காட்டினால் அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டிவிட்டு, மறுநாள் விடியலில் வாருங்கள்.